நடுவயதின் வெம்மையும் மனத்தின் பங்கும்
(மகளிர் நல நிகழ்ச்சியில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சிராங்கூன் சாலைக்கு மிக அருகில், புக்கிட் தீமா சாலையில் அமைந்துள்ளது கே கே மகளிர், சிறார் மருத்துவமனை. கண்டாங் கெர்பாவ் என்ற பழைய பெயருடன் அது விளங்கிய காலத்தில், 1966ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் அங்கே பிறந்தன. கின்னஸ் நூலில் இடம்பெற்ற எண்ணிக்கை அது. அன்று அங்கே பிறந்த பெண்மக்கள் இன்று அறுபதை ஒட்டிய வயதினர். அவர்கள் பூப்பெய்தியபோது இல்லத்தில் நீராட்டு விழா நடந்திருக்கும். தாய்மாமன் சீர் வந்திருக்கும். கருவுற்றபோது வளைகாப்பு நடந்திருக்கும். மாதவிடாய் நின்றபோது நடந்தது என்ன? ஒன்றுமில்லை. "நின்றுவிட்டது" என்னும் ஒற்றைச் சொல்லோடு அப்பருவம் கடந்து போயிருக்கும்.

பக்தியுள்ள பெண்கள் பலர் அதனை ஒரு விடுதலையாகவே கருதுகின்றனர். நாள் கணக்குப் பாராமல் தைப்பூசத்திற்குப் பால்குடம் எடுக்கலாம். விரதத்தை இடையில் நிறுத்த வேண்டியதில்லை. அந்த மகிழ்ச்சி மெய்யானதே. ஆயினும் அதன் மறைவில், உடல் படும் பாடு வெளியே சொல்லப்படாமல் போய்விடுகிறது என்பதையும் மறுப்பதற்கில்லை.

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வாராதிருப்பின் அது முற்றிலும் நின்றுவிட்டதாக மருத்துவர் கொள்வர். பெரும்பாலோர்க்கு இது 45 வயதிற்கும் 55 வயதிற்கும் இடையே நிகழ்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே ஈஸ்ட்ரோஜன் சுரப்பு ஏறி இறங்கத் தொடங்கும். உடல் வெப்பத்தை ஆளும் மூளைப் பகுதி, அதனால் அளவுக்கு மீறிக் கூருணர்வு பெற்றுவிடுகிறது. முன்பு பொருட்படுத்தாத சிறு வெப்ப ஏற்றத்தையும் பெரிதெனக் கொண்டு, தோலுக்கு இரத்தத்தைப் பாய்ச்சி வியர்வையைக் கொட்டச் செய்கிறது. திடீர் வெம்மை என்பது இதுவே. சில நிமிடங்களில் அது அடங்கிவிடும். ஆனால் மீண்டும் மீண்டும் வரும். அமெரிக்காவில் பல்லாண்டு நடைபெற்ற ஆய்வொன்று, இத்தொல்லை நீடிக்கும் இடைநிலைக் காலம் 7.4 ஆண்டுகள் என 2015இல் அறிவித்தது. ஆண்டு முழுவதும் வெயிலும் புழுக்கமும் உள்ள சிங்கப்பூரிலோ, பெண்கள் பலர் இதனைப் பருவநிலையின் மேல் ஏற்றிவிட்டுப் பேசாதிருந்து விடுகின்றனர்.

இங்குள்ள பெண்களைப் பற்றிய நல்ல ஆய்வொன்று உண்டு. தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 2014 முதல் 2016 வரை, 45 முதல் 69 வயது வரையுள்ள சீன, மலாய், இந்தியப் பெண்கள் 1,201 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். ஓரளவு கடுமையான தொல்லையாக மிகுதியானோர் கூறியது வெம்மையை அன்று. மூட்டு, தசை வலியையே. ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு அது இருந்தது. "வயதாகிவிட்டது" என்று தைலம் தேய்த்துக்கொண்டு சும்மா இருப்பவர்களுக்கு இச்செய்தி சென்று சேர்தல் நன்று.

இனி, மனத்தின் பங்கு. இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியர் மைரா ஹன்டர் குழுவினர் 140 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2012இல் வெளியாயிற்று. எண்ணத்தையும் நடத்தையையும் சீர்செய்யும் பயிற்சியைச் சிலர் குழுவாக அமர்ந்து கற்றனர். சிலர் கையேட்டின் துணையால் தாமே கற்றனர். பகல் வெம்மையின் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை. ஆனால் அது தந்த தொல்லை, இருவகையினர்க்கும் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி நெறிகளும் 2024 நவம்பரில் இப்பயிற்சியை ஒரு வழியாக ஏற்றுள்ளன. ஹார்மோன் சிகிச்சையோடு சேர்த்தும் இதனைப் பெறலாம். அச்சிகிச்சை ஒவ்வாதவர்களும் விரும்பாதவர்களும் தனியாகவும் பெறலாம்.

எண்ணிக்கை குறையாமல் தொல்லை மட்டும் எவ்வாறு குறையும்? அலுவலகக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும் ஒரு பெண்மணிக்கு முகம் சிவந்து வியர்க்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். "எல்லாரும் என்னையே பார்க்கின்றனர், பதறுகிறேன் என்று எண்ணுவர்" என்று மனம் சொல்கிறது. அவ்வெண்ணத்தால் நெஞ்சு படபடக்கிறது. வெம்மை இன்னும் தாங்கொணாததாகத் தோன்றுகிறது. மறுமுறை அவர் கூட்டத்தையே தவிர்க்கிறார். பயிற்சி இச்சங்கிலியை இடையில் அறுக்கிறது. வெம்மை வந்த நேரத்தையும், அப்போது எழுந்த எண்ணத்தையும் குறிப்பேட்டில் எழுதச் சொல்கிறது. பின்னர், அந்த எண்ணத்திற்குச் சான்று உண்டா என்று வினவச் செய்கிறது. சென்ற வாரம் பெருவிரைவு ரயிலில் வியர்த்து நின்றவர் எத்தனை பேர், அவர்களுள் ஒருவர் முகமாவது நினைவில் உள்ளதா என்று கேட்டுப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். "வந்தது போகும், சில நிமிடந்தான்" என்னும் எண்ணம் பழைய எண்ணத்தின் இடத்தில் அமர்கிறது. அவ்வேளையில் மூச்சை வயிற்றிலிருந்து மெல்ல இழுத்து விடுவது பதற்றத்தைத் தணிக்கும். மூச்சுப் பயிற்சி மட்டுமே வெம்மையைப் போக்கிவிடும் என்பார் சொல்லை நம்ப வேண்டியதில்லை.

இரவு வியர்த்து விழித்தால் கடிகாரத்தைப் பார்த்தல் ஆகாது. உறக்கம் வாராது கால்மணி நேரம் கடந்தது போல் தோன்றினால் எழுந்து, மங்கிய விளக்கில் சற்று அமர்ந்துவிட்டு, உறக்கம் வந்தபின் படுக்கைக்குத் திரும்பலாம். நாளைய சமையல், மகனின் தேசிய சேவை, மாமியாரின் மருந்து ஆகிய கவலைகளுக்கு மாலையிலேயே ஒரு நேரம் ஒதுக்கி எழுதி வைத்துவிடுதல் உதவும்.

இதனால் "எல்லாம் மனப்பிரமை" என்று யாரேனும் கூறுவாராயின், அது பெருந்தவறு. வெம்மை உடலில் நிகழ்வது. ஹார்மோன் சிகிச்சை அதற்கு மிகவும் பயன்தரும் மருந்து. 2002இல் அமெரிக்க ஆய்வொன்று இடையில் நிறுத்தப்பட்டபின் உலகெங்கும் அச்சம் பரவியது. பின்வந்த மறு ஆய்வுகளோ, 60 வயதுக்குட்பட்ட, அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுகள் கடவாத, உடல்நலமுள்ள பெண்களில் பெரும்பாலோர்க்கு நன்மையே மிகுதி என்று காட்டின. மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள் போன்ற சிலர்க்கு அது பொதுவாகப் பொருந்தாது. இதனை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். பக்கத்து வீட்டார் அல்லர். பலதுறை மருந்தகத்திற்குச் செல்லும்போது குறிப்பேட்டையும் கையோடு கொண்டு செல்லலாம்.

கணவன்மார்க்கும் ஒரு சொல். மனைவி இரவில் குளிர்சாதனத்தைக் கூட்டுவதும், சிறு பேச்சுக்குச் சினப்பதும் குணமாற்றம் அன்று. பல மாதங்களாக அறுபட்ட உறக்கத்தின் விளைவாகவும் அவை இருக்கலாம்.

இறுதியாக, ஓராண்டு நின்றபின் மீண்டும் இரத்தம் கண்டால், துளியளவே ஆயினும், "பழையபடி வந்துவிட்டது" என்று எண்ணி இருந்துவிடலாகாது. பெரும்பாலும் அதன் காரணம் சிறியதே. ஆயினும் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் அது இருக்கக்கூடும். தொடக்கத்தில் கண்டறிந்தால் அந்நோயைக் குணப்படுத்தும் வாய்ப்பு மிகுதி. திருவிழா முடியட்டும், மகளின் பிரசவம் ஆகட்டும் என்று நாளைத் தள்ளாமல், அந்த வாரமே மருத்துவரைக் காணுதல் வேண்டும்.