பள்ளிக் கமிட்டியில் உழைப்பாளி உட்கார வேண்டும்!

(ராயக்கோட்டையில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



கூலியைப் பற்றியும் போனஸைப் பற்றியும் பட்டாவைப் பற்றியும் நாம் பல தடவை பேசியிருக்கிறோம். இன்று நம் பிள்ளைகள் படிக்கிற சர்க்கார் பள்ளியைப் பற்றிப் பேசப் போகிறேன். அந்தப் பள்ளிக்கு ஒரு கமிட்டி இருக்கிறது. அதற்குப் பள்ளி மேலாண்மைக் குழு என்று பெயர். அந்தக் குழுவில் நீங்கள் மெம்பராக நிற்க வேண்டும். ஜெயித்து உட்கார வேண்டும். உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். இதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

சட்டம் சொல்வது

2009-ம் ஆண்டில் பார்லிமெண்டு இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்தை நிறைவேற்றியது. 2010 ஏப்ரல் 1 முதல் அது அமலுக்கு வந்தது. சர்க்கார் பள்ளியானாலும், ஸ்தல ஸ்தாபனங்களின் பள்ளியானாலும், சர்க்கார் உதவி பெறும் பள்ளியானாலும் இப்படி ஒரு குழு இருந்தே தீர வேண்டும் என்று அதன் 21-வது பிரிவு கூறுகிறது. குழுவில் நான்கில் மூன்று பங்கு பேர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். ஒடுக்கப்பட்ட, நலிந்த பகுதியைச் சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு விகிதாசாரப்படி இடம் தர வேண்டும்.

தமிழ்நாட்டில் 2022-ல் இந்தக் குழுக்கள் 20 பேர் கொண்டவையாகத் திருத்தி அமைக்கப்பட்டன. 2024-ல் 24 பேராக்கி, பழைய மாணவர்களையும் சேர்த்தார்கள். பதவிக் காலம் இரண்டு ஆண்டு. தலைவர் பதவியும் பெற்றோரில் ஒருவருக்கே உரியது.

மெம்பராவதற்கு நிலம் இருக்கிறதா, பணம் இருக்கிறதா, எஸ்.எஸ்.எல்.சி. பாஸா என்று சட்டம் கேட்கவில்லை. உங்கள் பிள்ளை அந்தப் பள்ளியில் படித்தால் போதும். சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை செய்பவரும் நிற்கலாம்; தக்காளிக் காட்டில் கூலிக்குப் போகிற அம்மாவும் நிற்கலாம்.

நடைமுறை என்ன?

நடப்பதோ வேறு. எனக்குத் தெரிந்த ஒரு கிராமம், பெயர் வேண்டாம். அங்கே குழுவில் ஒரு விவசாயக் கூலித் தாய் மெம்பர். தான் மெம்பர் என்பதே அவருக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. காட்டிலே வேலை செய்து கொண்டிருந்தவரிடம் மினிட் புத்தகத்தைக் கொண்டு போய், "இங்கே ஒரு கையெழுத்துப் போடு" என்றார்கள், போட்டார். என்ன தீர்மானம், எவ்வளவு பணம், எதற்குச் செலவு? யாரும் படித்துக் காட்டவில்லை.

இது ஏன் நடக்கிறது? பெற்றோர் கூட்டத்தை உழைப்பாளி வர முடியாத நேரத்தில் கூட்டுகிறார்கள். காலை பத்து மணிக்குக் கூட்டம் என்றால் கூலிக்காரருக்கு ஒரு நாள் கூலி போச்சு. ஷிப்டில் இருப்பவருக்கு லீவு இல்லை. ஆகவே யாருக்கு ஓய்வு உண்டோ அவர் வருகிறார். ஊர்ப் பெரியவர் காட்டிய ஆளை எல்லோரும் சரி என்கிறார்கள். காலனியிலிருந்து வந்தவர் கதவோரம் நிற்கிறார். உட்காரச் சொல்ல ஆளில்லை.

அறுபத்தோராவது பிள்ளை

"இந்தக் கமிட்டிக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? இதில் போய் நேரத்தை வீணாக்குவானேன்?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். ஒரு சின்னக் கணக்குச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 60 பிள்ளைகள் வரை இருந்தால் இரண்டு வாத்தியார்கள் என்று சட்டத்தின் அட்டவணை கூறுகிறது. 61 முதல் 90 வரை இருந்தால் மூன்று பேர். 91 முதல் 120 வரை நான்கு பேர். அதாவது 60 பிள்ளைகள் உள்ள பள்ளியில் ஐந்து வகுப்பை இரண்டு பேர் கட்டி மேய்க்க வேண்டும். இன்னும் ஒரே ஒரு பிள்ளை சேர்ந்து 61 ஆனால், மூன்றாவது வாத்தியாரைக் கேட்க நமக்குச் சட்டப்படி உரிமை வந்துவிடுகிறது!

அந்த அறுபத்தோராவது பிள்ளை எங்கே? பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன தாய் தகப்பனோடு போய்விட்டது. அங்கே தம்பியைப் பார்த்துக் கொண்டு செங்கல் அடுக்கின் நிழலில் உட்கார்ந்திருக்கிறது. அல்லது இங்கேயே, மண்டிக்கு லோடு போகிற நாளில் தக்காளி பறிக்கப் போயிருக்கிறது. அந்தக் குடும்பம் எந்தத் தெருவில் இருக்கிறது, எப்போது திரும்பும், பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுப் போக வழியுண்டா என்பது யாருக்குத் தெரியும்? வெளியூரிலிருந்து பஸ் ஏறி வருகிற ஹெட்மாஸ்டருக்கு அவ்வளவாகத் தெரியாது. பக்கத்து வீட்டில் குடியிருக்கிற கூலிக்காரருக்குத் தெரியும். அவர் குழுவில் இருந்தால் அந்தப் பிள்ளையின் பெயர் ரிஜிஸ்டரில் ஏறும்; பிள்ளை வகுப்பிலும் உட்காரும்.

திரும்பி வந்த பிள்ளையிடம் டி.சி. இல்லை, பிறப்புச் சான்று இல்லை என்று யாராவது திருப்பி அனுப்பினால், அது சட்ட விரோதம். டி.சி. வரத் தாமதம் என்றோ வயதுச் சான்று இல்லை என்றோ சேர்க்க மறுக்கக் கூடாது என்று 5-வது பிரிவும் 14-வது பிரிவும் சொல்கின்றன. படிப்பு விட்டுப் போன பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப் பயிற்சி தர வேண்டும் என்று 4-வது பிரிவு சொல்கிறது. இதைத் தெரிந்து கொண்டு எழுந்து கேட்க ஒரு மெம்பர் வேண்டும்.

பணத்தின் கணக்கு

பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும், வந்த பணம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் இந்தக் குழுவின் கடமை. அந்தத் திட்டமே மான்யத்துக்கு ஆதாரம் என்று 22-வது பிரிவு சொல்கிறது. பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கக்கூஸ், குடிதண்ணீர், சுற்றுச் சுவர், விளையாட்டு இடம், நூலகம், ஊனமுற்ற பிள்ளை ஏறி வரச் சாய்தளம் இவையெல்லாம் அட்டவணையில் இருக்கின்றன. கக்கூஸில் தண்ணீர் இல்லை என்றால் பெரிய பெண் பள்ளியை விட்டு நிற்கிறாள். நின்றால் கல்யாணப் பேச்சு எழுகிறது. இது நம் வட்டாரத்துத் தாய்மார்கள் அறிந்த விஷயம்.

வாத்தியார்கள் நமக்குப் பகைவர்கள் அல்ல. அவர்களும் சம்பளத்துக்கு உழைப்பவர்களே. ஐந்து வகுப்பைச் சுமக்கிற வாத்தியாரை ஜனத்தொகைக் கணக்கு, பேரிடர் நிவாரணம், தேர்தல் இவை தவிர வேறு வேலைக்கு இழுக்கக் கூடாது என்று 27-வது பிரிவு தடுக்கிறது. அவருக்காகவும் நாம் பேச வேண்டும். அவர் வாய் திறக்க முடியாத இடத்தில் பெற்றோரின் தீர்மானம் பேசும்.

எல்லாவற்றையும் இந்தக் குழுவே சாதித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பி.எம். ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக, தமிழ்நாட்டுக்கு 2024-25-ல் வர வேண்டிய கல்விப் பணத்தை மத்திய சர்க்கார் நிறுத்தி வைத்தது. பாக்கி ரூ.2,152 கோடி என்று மாநில சர்க்கார் சொல்லியது. 2025-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. அப்படிப்பட்ட பணத்தை ஒரு கிராமத்துக் குழு வாங்கிவிட முடியாது. ஆனால் தன் பள்ளிக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு வரவில்லை என்று கணக்குத் தெரிந்த ஆயிரக்கணக்கான பெற்றோர் இருந்தால், கோட்டையில் இருப்பவர்களும் டில்லியில் இருப்பவர்களும் பதில் சொல்லாமல் தப்ப முடியாது.

சரித்திரம் காட்டும் வழி

பள்ளிக் கமிட்டியில் உட்கார்ந்து உழைப்பாளிக்காகப் பேசுவது புதிய காரியம் அல்ல. இங்கிலாந்தில் 1870-ம் ஆண்டுச் சட்டப்படி பள்ளி போர்டுகள் ஏற்பட்டன. பார்லிமெண்டுக்கு ஓட்டுப் போடப் பெண்களுக்கு உரிமை இல்லாத அந்தக் காலத்தில், பள்ளி போர்டுக்குப் பெண்கள் நிற்கலாம். 1888 ஜூலையில் கிழக்கு லண்டனில் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் சுமார் 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்குத் துணை நின்ற அன்னி பெசண்ட், அதே ஆண்டு நவம்பரில் லண்டன் பள்ளி போர்டுக்கு டவர் ஹாம்லெட்ஸ் தொகுதியில் நின்று எல்லோரையும்விட அதிக ஓட்டுப் பெற்று ஜெயித்தார். பின்னால் நம் சென்னை அடையாறுக்கு வந்து வாழ்ந்தாரே, அதே பெசண்ட் அம்மையார்தான். அவரது பிற்காலக் கொள்கைகள் வேறு. அன்று அவர் சோஷலிஸ்டு. பசித்த பிள்ளைக்குச் சோறு போடாமல் பாடம் சொல்வதில் என்ன பயன் என்ற கேள்வியைப் போர்டில் எழுப்பினார். போர்டின் கான்ட்ராக்ட் வேலை செய்பவர்களுக்கு நியாயமான கூலி தர வேண்டும் என்று போராடினார். 1906-ல்தான் பள்ளிச் சாப்பாட்டுக்கு அங்கே சட்டம் வந்தது. கேள்வியோ பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே போர்டில் எழுந்துவிட்டது.

நம் நாட்டுக்கு வாருங்கள். 1920-ல் சென்னைக் கார்ப்பரேஷன் பிட்டி தியாகராயர் தலைமையில் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போடத் தீர்மானித்தது. ஒரு ஸ்தல ஸ்தாபனத்தின் தீர்மானம் அது. காமராஜர் 1956-ல் மதிய உணவை ராஜ்யமெங்கும் கொண்டு போனார். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிவாக்கினார். 2022 செப்டம்பரில் காலை உணவும் தொடங்கியது. அன்று ஒரு பள்ளியில் வைத்த அடுப்பு இன்று மாநிலம் முழுவதும் எரிகிறது.

1954-ல், மலபார் நம் சென்னை ராஜ்யத்தில் இருந்தபோது, அங்கே ஜில்லா போர்டுத் தேர்தல் நடந்தது. கம்யூனிஸ்டுகள் பெரும்பான்மை பெற்றார்கள். ஆசிரியர் இயக்கத்திலிருந்து வந்த பி.டி. பாஸ்கர பணிக்கர் போர்டின் தலைவரானார். போர்டுப் பள்ளிகளின் பொறுப்பு உழைப்பாளிகளின் பிரதிநிதிகள் கைக்கு வந்தது. நம்மவர்களுக்கு நிர்வாகம் செய்யத் தெரியுமா என்று கேட்டவர்களுக்கு அதுவே பதில்.

நாம் செய்ய வேண்டியது

பள்ளிக் குழுத் தேர்வு கட்சிக் கொடி கட்டி நிற்கிற தேர்தல் அல்ல. பள்ளி வாசலில் செங்கொடி நட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெற்றோர் என்ற முறையில் போங்கள். நான்கு காரியங்களை இப்போதே தொடங்குங்கள்.

ஒன்று: குழு திருத்தி அமைக்கிற தேதியை முன்கூட்டியே கேட்டறியுங்கள். உழைப்பாளி வரக்கூடிய நேரத்தில் கூட்டத்தை வைக்கும்படி பெற்றோர் பலர் கையெழுத்திட்டு ஹெட்மாஸ்டரிடம் மனுக் கொடுங்கள்.

இரண்டு: யார் நிற்பது என்று தெருக் கூட்டம் போட்டு முடிவு செய்யுங்கள். பாதி இடம் பெண்களுக்கு. காலனித் தாய்மார்களை முன்னால் நிறுத்துங்கள். தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிற பூமி இது. வீட்டில் எந்தப் பாஷை பேசினாலும் நிற்கலாம். கூட்டத்தில் புரியாததை அவரவர் பாஷையில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மூன்று: மெம்பராகிற தோழருக்குக் கூட்டத்தன்று கூலி போனால், அதைத் தெருவார் பங்கு போட்டுக் கொடுங்கள். ஒருவர் தலைக்குப் பத்து ரூபாய் பெரிய பாரமல்ல. கூலிக்குப் பயந்து நம் மெம்பர் வராமல் நின்றால் பாரம் நம் பிள்ளைகள் தலையில்தான் விழும்.

நான்கு: படிக்காத தீர்மானத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். எழுத்துத் தெரியாதவர் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நம் இளைஞர் ஒருவர் உடன் இருந்து உதவட்டும். பிள்ளைகள் எத்தனை, வாத்தியார்கள் எத்தனை, பணம் எவ்வளவு என்ற மூன்று கேள்வியையும் ஒவ்வொரு கூட்டத்திலும் கேளுங்கள்.

தோழர்களே! ஆலையில் கணக்குக் கேட்கச் சங்கம் அமைத்தோம். காட்டிலே கூலி கேட்கச் சங்கம் அமைத்தோம். பள்ளியில் கணக்குக் கேட்கச் சட்டமே நமக்கு நாற்காலி போட்டு வைத்திருக்கிறது. அந்த நாற்காலியை வேறு யாருக்கும் விட்டுக் கொடுக்காதீர்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு ராயக்கோட்டை வட்டாரத்தில் ஒவ்வொரு தெருவிலிருந்தும் நம்மவர்கள் திரண்டு போக வேண்டும். இன்றிரவே உங்கள் தெருவில் பேச்சைத் தொடங்குங்கள்!