தாய்மார்களின் நோயும் தோட்டத்து மூலிகையும்

(பஞ்சாயத்து உறுப்பினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சாலை, குடிநீர், பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் பற்றி இத்தகைய கூட்டங்களில் பலர் பேசுவதுண்டு. இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயமோ வீட்டுக்குள்ளேயே மறைத்து வைக்கப்படுவது. வெள்ளைப்படுதல், பெரும்பாடு, சூதகவலி, தாம்பத்திய உறவின்போது உண்டாகும் நோவு ஆகியவை நம் பெண்களை வாட்டும் துன்பங்கள். உழவு மாடு இரண்டு வேளை தீனி எடுக்காவிட்டால் கால்நடை மருத்துவரைத் தேடி ஓடுகிறோம். அதே வீட்டில் ஒரு தாய் மாதக்கணக்கில் வெள்ளைப்பட்டு மெலிந்தாலும் அது பேசத்தகாத பேச்சாகிவிடுகிறது. பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்ன கஷாயத்தோடு வைத்தியம் முடிந்துவிடுகிறது.

அந்தக் கஷாயத்தை நான் இகழவில்லை. பெரும்பாட்டிற்கு அசோகப் பட்டையையும், வெள்ளைக்கும் உடல் மெலிவிற்கும் தண்ணீர்விட்டான் கிழங்கையும், உடற்சூட்டிற்குச் சோற்றுக்கற்றாழையையும் சித்த மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வருகிறார்கள். சூதகவலிக்கு இஞ்சி பலன் தருவதை இக்கால ஆராய்ச்சிகளும் காட்டியுள்ளன. மாதவிடாயின் முதல் மூன்று நான்கு நாட்கள் இஞ்சியையோ சுக்கையோ உட்கொண்ட பெண்களுக்கு வலி குறைந்திருக்கிறது.

ஆனால் மூலிகை என்ற பெயர் ஒன்றே போதுமா? பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் ஒற்றைத் தூண்போல் ஓங்கி நிற்கும் மரத்தைப் பலர் அசோகமரம் என்றே சொல்லுகிறார்கள். அது நெட்டிலிங்கம். அதன் இலையோரம் அலை அலையாக நெளிந்திருக்கும். பூ பச்சை நிறம். மருந்துக்குரிய அசோகு கொத்துக் கொத்தாகச் செம்மஞ்சள் நிறத்தில் பூக்கும். அதன் பட்டைக்குப் பதிலாக நெட்டிலிங்கப் பட்டை கடைகளில் கலந்து விற்கப்படுவது வைத்தியர்கள் நன்கு அறிந்த மோசடி. கற்றாழையிலும் கவனம் தேவை. அதன் மஞ்சள் பாலை உறையவைத்துச் செய்யும் கரியபோளம் கடுமையான பேதிமருந்து. கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது. எந்த மூலிகைச் சாற்றையும் பிறப்புறுப்பினுள் வைப்பதோ, உள்ளே சோப்பு நீரால் கழுவுவதோ தீங்கு தரும்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். வெள்ளைப்படுதல் என்பது ஓர் அடையாளமே. நிறமும் நாற்றமும் இன்றிச் சிறிதளவு படுவது உடலின் இயல்பு. அதற்கு மருந்தே வேண்டாம். தயிர்த் திப்பி போன்று அரிப்போடு படுமாயின் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களிடமும் கர்ப்பிணிகளிடமும் இது மிகுதி. மஞ்சளாகவோ பச்சையாகவோ நுரைத்து நாறுமாயின் அது உறவின் வழியாகப் பரவும் கிருமியாக இருக்கலாம். அப்பொழுது மனைவிக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பயனில்லை. கணவனும் சேர்ந்து மருந்துண்ண வேண்டும். இல்லாவிடில் நோய் திரும்பத் திரும்ப வரும்.

உறவுக்குப் பின் இரத்தம் கசிந்தாலோ, மாதவிடாய் நின்றுபோன பிறகு மீண்டும் இரத்தம் கண்டாலோ ஒருநாளும் தாமதிக்கலாகாது. அது கருப்பை வாய்ப் புற்றுநோயின் குறியாக இருக்கக்கூடும். கஷாயம் குடித்துக் காத்திருக்கும் மாதங்களில் அந்நோய் முற்றிவிடும்.

இதை முன்கூட்டியே கண்டறியும் வழி மிக எளிது. காடியில் உள்ள அமிலத்தை நீர்க்கச் செய்து கருப்பை வாயில் தடவினால், கெட்டுவரும் இடம் ஒரு நிமிடத்தில் வெளுத்துத் தெரியும். 2000ஆம் ஆண்டு முதல் நமது திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் இச்சோதனையைச் செய்தார்கள். ஒரே ஒரு முறை செய்த சோதனையால் இந்நோய் தோன்றுவது நூற்றுக்கு 25 வீதமும், இதனால் நேரும் மரணம் நூற்றுக்கு 35 வீதமும் குறைந்ததென்று 2007இல் வெளியான முடிவு கூறுகிறது. இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயது கடந்த பெண்களுக்கு இச்சோதனை இலவசம்.

பெரும்பாட்டைச் சகித்துக்கொள்வதிலும் ஆபத்துண்டு. 2019-21ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. உள்ள இரத்தமே குறைவாயிருக்க, மாதந்தோறும் மிகையாக இழப்பவள் எவ்வாறு களையெடுப்பாள், எவ்வாறு பிள்ளைக்குப் பாலூட்டுவாள்? முருங்கைக்கீரையும் கேழ்வரகும் நல்லவையே. எனினும் சோகை முற்றியவளுக்கு மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரை அவசியம்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, வாய்க்கால் ஓரத்து ஈரநிழலில் உண்மையான அசோகை நட்டு வளருங்கள். காடுகளில் அது அருகி வருகிறது. மரத்தைச் சுற்றிப் பட்டை உரித்தால் மரம் பட்டுப்போகும். இரண்டாவது, சித்த மருத்துவப் பிரிவுள்ள சுகாதார நிலையத்தை அறிந்து, மூலிகை மருந்தையும் அங்கேயே முறைப்படி பெறச் செய்யுங்கள். மூன்றாவது, மாதம் ஒருநாள் கிராமச் செவிலியரைக் கொண்டு பெண்கள் மட்டும் கூடும் கூட்டம் நடத்துங்கள். பெண் உறுப்பினர்கள் அதற்குத் தலைமை தாங்கட்டும். சோதனைக்குப் போகிறவர்களுக்கு வண்டி வசதி செய்து கொடுங்கள்.

ஆண்மக்களுக்கு ஒரு வார்த்தை. மனைவி சொல்லத் தயங்கும் நோயைக் கேட்டறிவது கணவனின் கடமை. கேட்டபின் அவளைத் தனியே அனுப்பாமல் உடன் அழைத்துச் செல்லுங்கள். நோய் இன்னதென்று தெரிந்த பிறகு எந்த மருந்தையும் நம்பிக்கையோடு உண்ணலாம். நோயை அறியாமல் உண்ணும் மருந்து, எவ்வளவு உயர்ந்த மூலிகையாயினும், நோயை மூடிவைக்கும் திரையாகவே முடியும்.