அதிர்ச்சி என்னும் சொல்லும் இதயத்தின் நிலையும்



சில ஆண்டுகளுக்கு முன், மருத்துவமனை ஒன்றின் தீவிரக் கவனிப்புப் பிரிவின் வாயிலில், மருத்துவர் ஆங்கிலத்தில் கூறியதை ஒரு மூதாட்டிக்குத் தமிழில் எடுத்துரைக்கும் பொறுப்பு எங்களை வந்தடைந்தது. "அம்மா, ஐயா அதிர்ச்சி நிலையில் இருக்கிறார்" என்றோம். பாடநூல் தரும் சொல் அதுவே. அவரோ திகைத்துப்போய், "எதக் கேட்டு அதிர்ச்சியானாரு? வீட்டுல யாரும் ஒண்ணும் சொல்லலையே!" என்றார். பின்னர் மகனை நோக்கி, யார் என்ன பேசினீர்கள் என்று வினவத் தொடங்கினார். சொல்லில் பிழை இல்லை. செய்தி மட்டும் போய்ச் சேரவில்லை.

இக்குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கில மருத்துவத்துக்குள் 'ஷாக்' என்னும் சொல்லே மொழிபெயர்ப்பின் வழியாகத்தான் நுழைந்தது. 18ஆம் நூற்றாண்டில், துப்பாக்கிக் காயங்களைப் பற்றிப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் லெ டிரான் எழுதிய நூலை ஆங்கிலமாக்கியபோது அச்சொல் பயன்படுத்தப்பட்டது. குண்டு பாய்ந்த வேகத்தில் உடல் குலுங்குவதையே அது அன்று குறித்தது. பின்வந்த மருத்துவர்கள் குலுக்கத்தை மறந்து, அதன் பின்னர் வரும் வெளிறிய முகம், குளிர்ந்த தோல், மெலிந்த நாடி ஆகியவற்றுக்கு அப்பெயரைச் சூட்டினர். இன்றைய பொருள் வேறு. திசுக்களுக்கு வேண்டிய உயிர்வளியைக் குருதியோட்டம் கொண்டுசேர்க்க இயலாத நிலையே அது. குருதி இழப்பாலும், கடுந்தொற்றாலும், குருதி செல்லும் வழி அடைபடுவதாலும், இதயமே வலுவிழப்பதாலும் அந்நிலை வரலாம்.

முதல் உலகப் போரின்போது, 1917இல், அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன் பிரான்சின் போர்முனைக்குச் சென்று காயமுற்ற வீரர்களை ஆராய்ந்தார். நசுங்கிய தசையிலிருந்து ஏதோ நஞ்சு குருதியில் கலந்து குழாய்களைத் தளர்த்துகிறது என்பது அக்காலத்தில் வலுவாக நிலவிய கருத்து. 1930இல் நாஷ்வில் நகரத்தில் ஆல்ஃபிரட் பிளேலாக் அக்கருத்தை ஐயுற்றார். நாயின் ஒரு பின்னங்காலை நசுக்கி, இரு பக்கங்களையும் எடையிட்டுப் பார்த்தார். காயம்பட்ட பக்கத்தில் தேங்கிய நீர்மமும் குருதியுமே அழுத்தம் வீழ்ந்ததற்குப் போதிய காரணமாக இருந்தன. நஞ்சைத் தேடவேண்டிய தேவை இல்லாமற் போயிற்று. அவ்வாய்வுக்கூடத்தில் அவருக்கு உறுதுணையாக விளங்கியவர் விவியன் தாமஸ் என்னும் கறுப்பின இளைஞர். ஆய்வாளர் செய்யும் பணியைச் செய்த அவருக்குத் துப்புரவுப் பணியாளர் என்ற பதவியும் அதற்குரிய ஊதியமுமே கிடைத்தன.

பிளேலாக்கின் விளக்கம் தெளிவானது. இழந்த நீர்மத்தை மீண்டும் ஊட்டினால் உயிர் மீளவேண்டும். எனினும் சிலர் மீளவில்லை. ஏன்?

இங்கேதான் இதயம் ஆய்வின் நடுவே வருகிறது. உடல் முழுமைக்கும் குருதியை இறைக்கும் இதயம், தன் தசைக்கு வேண்டியதையும் தானே இறைத்துக்கொள்ள வேண்டும். ஓய்வில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இறைக்கிறது. அதில் இருபதில் ஒரு பங்களவே அதன் சொந்தத் தமனிகளுக்குச் செல்கிறது. அக்குருதியிலுள்ள உயிர்வளியில் ஏறக்குறைய 70 விழுக்காட்டை அது ஓய்வின்போதே எடுத்துவிடுகிறது. கை கால் தசைகளுக்கு நெருக்கடியில் கூடுதலாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. இதயத்துக்கு அச்சேமிப்பு மிகக் குறைவு. இன்னொரு நெருக்கடியும் உண்டு. இடக் கீழறையின் தசைக்குள் குருதி பெரும்பாலும் அது தளரும் வேளையில்தான் பாய்கிறது. அழுத்தம் வீழ்ந்தால் இதயம் விரைந்து துடிக்கும். விரைய விரையத் தளரும் நேரம் சுருங்கும். தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் முயற்சியே தன் உணவைக் குறைத்துவிடுகிறது. மாணவர்கள் இவ்விடத்தை ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப்பார்த்தால், மற்றவை எளிதில் விளங்கும்.

கிளீவ்லாந்தில் கார்ல் விக்கர்ஸ் இதனை 1940களில் அளந்து காட்டினார். நாய்களின் குருதியை வடித்து, அழுத்தத்தை முதலில் 50 பாதரச மில்லிமீட்டர் அளவிலும் பின்னர் 30 அளவிலும் நிறுத்திவைத்தார். அதன்பின் வடித்த குருதி முழுவதையும் திரும்பச் செலுத்தினார். அழுத்தம் உயர்ந்தது, சில மணி நேரத்தில் மீண்டும் சரிந்தது, பெரும்பாலான நாய்கள் இறந்தன. இழந்தது முழுதும் திரும்பி வந்தும் உயிர் நிலைக்கவில்லை. இந்த மீளா நிலையில் இதயத் தசையின் தளர்ச்சிக்கும் பங்குண்டு என்று அவர் வாதிட்டார். இவ்வறிவுக்காக மடிந்த விலங்குகள் பல என்பதையும் மறைத்துப் பேசுதல் முறையன்று.

கடுந்தொற்றால் வரும் அதிர்ச்சியின் கதை வேறு. அதில் குழாய்கள் விரிந்துவிடும். இதயம் வெளியேற்றும் மொத்தக் குருதியோ இயல்பாகவோ மிகுந்தோ இருக்கும். எனவே இதயத்துக்குக் குறையில்லை என்றே பலர் கருதினர். 1984இல் மார்கரெட் பார்க்கர், ஜோசஃப் பரில்லோ ஆகியோரின் குழு அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் இத்தகைய 20 நோயாளிகளின் இதயத்தைக் கதிரியக்கப் படமுறையால் தொடர்ந்து கண்காணித்தது. ஒவ்வொரு துடிப்பிலும் கீழறை வெளியேற்றும் பங்கு, நலமான இதயத்தில் பாதிக்கு மேல் இருக்கும். உயிர் பிழைத்த 13 பேரிடம் அது தொடக்கத்தில் சராசரியாக 32 விழுக்காடு. இறந்த 7 பேரிடமோ இயல்பான அளவு! பிழைத்தவர்களின் கீழறை விரிந்து கொடுத்திருந்தது. பத்து நாள்களுக்குள் பழைய நிலைக்குத் திரும்பியது. 20 பேர் என்பது சிறு தொகை. பிற்கால ஆய்வுகள் பிழைத்தோர்க்கும் இறந்தோர்க்கும் இடையே அவ்வேறுபாட்டை அப்படியே காணவில்லை. ஆயினும் இதயம் பாதிப்புறுகிறது, அப்பாதிப்பு மீளக்கூடியது என்ற கண்டுபிடிப்பு நிலைத்தது. அடுத்த ஆண்டு அதே குழு, இந்நோயாளிகளின் குருதிநீரை எலியின் இதய உயிரணுக்கள்மேல் இட்டபோது அவற்றின் சுருக்கம் குறைந்ததைக் கண்டது. உடல் தன் தற்காப்புக்கெனச் சுரக்கும் சில புரதங்களே அதற்குக் காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது. பிளேலாக் புறந்தள்ளிய நஞ்சு, வேறொரு நோயில் வேறொரு வடிவில் திரும்பி வந்தது எனலாம்.

மாரடைப்பால் இதயமே முதலில் வீழும் நிலையில் மருத்துவம் மெதுவாகவே முன்னேறியுள்ளது. ஜூடித் ஹோக்மன் தலைமையில் 302 நோயாளிகளிடம் நடந்து 1999இல் வெளிவந்த ஆய்வில், அடைபட்ட தமனியை உடனே திறந்தவர்களுள் ஆறு மாதத்தில் 50.3 விழுக்காட்டினர் இறந்தனர். முதலில் மருந்தால் நிலைப்படுத்த முயன்ற பிரிவில் 63.1. பெருந்தமனியில் பலூன் வைத்து இதயத்துக்குத் துணைசெய்யும் முறை நெடுங்காலம் நம்பப்பட்டது. 2012இல் ஜெர்மனியில் 600 பேரிடம் நடந்த ஆய்வு அதனால் உயிரிழப்பு குறையவில்லை என்று காட்டியது. 2024இல் வெளிவந்த டென்மார்க் தலைமையிலான ஆய்வில், கீழறைக்குள் செலுத்தும் சிறு இறைப்பியால் இறப்பு 58.5 விழுக்காட்டிலிருந்து 45.8 ஆகக் குறைந்தது. குருதிக்கசிவும் சிறுநீரகப் பாதிப்பும் அக்கருவியால் கூடின என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

சொல்லுக்கு மீள்வோம். 'குருதியோட்டக் குலைவு' என்னும் சொல் பொருத்தமாக எங்களுக்குத் தோன்றுகிறது. தேர்வுத் தாளில் மாணவர்கள் 'அதிர்ச்சி' என எழுதுவதில் தவறில்லை. பாடநூல் அதைத்தான் கற்பிக்கிறது. நோயாளியின் வீட்டாரிடம் பேசும்போது மட்டும் அச்சொல் தனித்து நிற்கலாகாது.

அன்று நாங்கள் மீண்டும் தொடங்கினோம். "அம்மா, யாரும் எதுவும் சொன்னதால் வந்ததில்லை. ஐயாவின் உடம்புக்கு வேண்டிய இரத்தம் போய்ச் சேரவில்லை. மருந்து கொடுத்து அதைச் சரிசெய்யப் பார்க்கிறார்கள்" என்றோம். அம்மையார் மகனின் கையைப் பற்றிக்கொண்டார். சற்று நேரம் பேசாதிருந்து, "அது வரைக்கும் அவரு நெஞ்சு தாங்குமா?" என்று கேட்டார். அக்கேள்வியை அப்படியே ஆங்கிலத்தில் மருத்துவரிடம் சொன்னோம். உள்ளே திரும்பவிருந்த அவர், ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அம்மையாரின் எதிரே அமர்ந்தார்.