வயது கேளாத பள்ளி



நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த நாளில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியோடு இவ்வுரையைத் தொடங்குகிறேன். ஒரு மாலைப் பொழுதில் என் பாட்டி என் பழைய சிலேட்டை எடுத்துவந்து, தம் பெயரை எழுதக் கற்றுத் தரும்படி கேட்டார். அவருக்கு அப்போது அறுபது வயதுக்கு மேல். "இந்த வயதில் எழுதப் படித்து எந்த உத்தியோகத்துக்குப் போகப் போகிறாய், பாட்டி?" என்று கேட்டு நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். சிலேட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். மறுபடி அவர் கேட்கவே இல்லை. இறுதிவரை கைந்நாட்டு வைத்தே வாழ்ந்து மறைந்தார்.

அந்தச் சிரிப்பு எத்துணைக் கொடியது என்பதை, பல ஆண்டுகள் கழித்துச் சகோதரி சுப்பலட்சுமி அம்மையாரின் வரலாற்றைப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு பிறந்தவர். பதினோராம் வயதில் மணம் நடந்தது. விரைவிலேயே கணவர் இறந்தார். அக்காலத்தில் அத்தகைய சிறுமிக்கு வீட்டின் இருண்ட மூலையே உலகம். ஊரார் சொல் அப்படியிருக்க, தந்தையார் சுப்பிரமணிய ஐயர் மகளை மூலையில் அமர விடவில்லை. தாமே பாடம் சொல்லித் தந்தார். பின்னர்ச் சென்னையில் கிறித்தவக் கன்னியர் நடத்திய பள்ளிக்கு அனுப்பினார். பிறர்க்கெனவே வாழ்ந்த அக்கன்னியரைக் கண்டு அம்மையாரின் உள்ளமும் தொண்டில் படிந்தது. தம் சமயத்தை விடாமலே அவர் "சகோதரி" ஆனார். 1911இல் பட்டமும் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண்களுள் அவர் ஒருவர்.

பட்டம் பெற்றதும் அவர் செய்தது என்ன? மறு ஆண்டே, எழும்பூரில் தந்தையார் குடியிருந்த வீட்டில், தம்மைப் போலவே இளமையில் கணவரை இழந்த நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டு படிப்பிக்கத் தொடங்கினார். சிற்றன்னை வாலாம்பாள் அம்மையாரும் கைம்பெண்ணே. அவர் அப்பெண்களுக்குத் தாயாக நின்றார். தந்தை, சிற்றன்னை, மகள் என ஒரு குடும்பமே தொண்டில் இறங்கியது. வீடு வேறு, பொதுப்பணி வேறு என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

சென்னைக் கடற்கரையில் வட்ட வடிவான முகப்புடைய ஒரு கட்டடத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டியது அது. ஐஸ் ஹவுஸ் என்பது பெயர். இப்போது விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது. ஒருகாலத்தில் அம்மையாரின் இல்லத்துச் சிறுமியர் தங்கிப் படித்தது அங்கேதான். அவ்வில்லம் பிராமணக் குலத்துப் பெண்களுக்கே உரியதாக இருந்தது என்ற குறை அன்றே எழுந்தது. அம்மையாரைப் போற்றும் நாம் அக்குறையை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது.

ஆனால் அவர் தொண்டு அந்த மதிலுக்குள் நின்றுவிடவில்லை. சிறுமியர்க்குரிய பள்ளிகளில் வயது முதிர்ந்த பெண்களுக்கு இடம் கிடைப்பது அரிதாக இருந்தது. வயது கடந்தது அவர்கள் குற்றமா? படிக்க வேண்டிய வயதில் படிக்க விடாதவர் எவரோ, அவரன்றோ குற்றவாளி! அத்தகையோர்க்காக 1927இல் சாரதா வித்தியாலயம் தோன்றியது. 1942இல் மயிலாப்பூரில் வயதுவந்த பெண்களுக்கென மற்றொரு பள்ளி. 1954இல், தம் அறுபத்தெட்டாம் வயதில், தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு நல மையம். ஓய்வுபெற்று அமர வேண்டிய பருவத்தில் அவர் கிராமத்துக்குப் போனார். 1969இல் மறையும்வரை கற்பதும் கற்பிப்பதும் அவர்க்கு ஒரே வேலையாக இருந்தன.

மாணவ நண்பர்களே, கல்வி இளமையின் தனிச்சொத்து என்று நாம் எண்ணுகிறோம். அம்மையார் அவ்வாறு எண்ணவில்லை. தமக்குத் தந்தையார் திறந்துவிட்ட கதவைப் பிறர்க்கும் திறந்து வைத்தார். வந்தவர்க்குக் காலங்கடந்துவிட்டது என்று சொல்லி அதை அடைக்கவில்லை.

பள்ளி தொடங்கும் வாய்ப்பு நம் எல்லோர்க்கும் வாய்க்காது. ஆயினும் உங்கள் இல்லத்தில் படிப்பைப் பாதியில் விட்ட தாயார் இருக்கலாம். எழுத்தே அறியாத பாட்டி இருக்கலாம். எப்போதாவது ஒரு நாள், தயங்கித் தயங்கி, அவர் உங்களிடம் ஏதேனும் கேட்பார். அப்போது சிரித்துவிடாதீர்கள். அருகில் அமர்ந்து, கையைப் பிடித்து, முதல் எழுத்தை எழுதச் செய்யுங்கள். நான் செய்யத் தவறியது அதுதான்.