வராத செய்தியின் பதற்றம்

நாகர்கோவிலில் கூடியிருக்கும் அறிஞர் அவைக்குத் தலைமை ஏற்பது பெருமை. உள்ளூரக் கொஞ்சம் உதறலும் இருக்கிறது. தொல்காப்பிய அரங்கேற்றத்தில் துருவித் துருவிக் கேட்ட அதங்கோட்டாசானை, விளவங்கோட்டுப் பக்கத்து அதங்கோட்டுக்காரர் என்று சொந்தம் கொண்டாடுகிற மண் இது. இங்கே எதையும் கேள்வியில்லாமல் சொல்லிவிட்டுப் போக முடியாது. ‘பதற்றத்தின் வகைகள்: புரிதலும் கையாளுதலும்’ என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். வகைகளை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 1980இல் மனநோய் வகைப்பாட்டுக் கையேடான டிஎஸ்எம்மின் மூன்றாம் பதிப்பு பீதி நோயையும் பொதுப் பதற்ற நோயையும் தனித்தனியாகப் பிரித்தது. 2013இல் ஐந்தாம் பதிப்பு, எண்ணச் சுழற்சி நோயையும் மனவடு நோயையும் பதற்றப் பிரிவிலிருந்தே வெளியேற்றியது. சிகிச்சை முறைகளைப் பிற்பகல் அமர்வுகள் பார்த்துக்கொள்ளும். எனக்குத் தந்த நேரத்தை, இந்த வகைப்பாடுகளில் சரியாக உட்காராத ஒரு பதற்றத்துக்காகச் செலவிட விரும்புகிறேன்.

கடற்கரை மக்களின் மனநிலையை ஆராய்கிறவர்கள் மனவடு என்ற ஒரே கோலால் அளக்க விரும்புகிறார்கள். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அதற்கு நியாயம் இருந்தது. குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் அலை வந்தது, கொன்றது, போனது. உடல்களைக் கூட்டம் கூட்டமாக அடக்கம் செய்தார்கள். நடந்து முடிந்த ஒன்றை மனம் திரும்பத் திரும்பக் காண்பதுதான் மனவடு. 2017 நவம்பர் 30 அப்படியல்ல. ஒக்கிப் புயல் வந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆண்களில் பலர், வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிக்க ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். எச்சரிக்கை வந்தபோது அவர்கள் அது எட்டாத தூரத்தில் இருந்தார்கள். கரையில் இருந்தவர்களுக்குச் சாவுச் செய்தியும் வரவில்லை, உயிர்ச் செய்தியும் வரவில்லை. சில படகுகள் லட்சத்தீவில் ஒதுங்கின. சில மகாராஷ்டிரக் கரையில் தேவ்கட்டை அடைந்தன. ஆகவே நம்பிக்கை மூடத்தனமல்ல, அதற்கு ஆதாரம் இருந்தது. இன்னொரு பக்கம், கரை ஒதுங்கிய உடல்களை அடையாளம் காண மரபணுச் சோதனைக்கு உறவினர்களிடம் இரத்தம் எடுத்தார்கள். ஒரே வீட்டில் ஒருவர் தொலைபேசியருகே உட்கார்ந்திருக்க, இன்னொருவர் இரத்தம் கொடுத்துவிட்டு வருவார். இதை எந்தப் பெட்டியில் போடுவது?

நம் வினாத்தாள் நண்பர்கள் பொதுப் பதற்றப் பெட்டியில் போடுவார்கள். அவர்கள் உழைப்பில் எனக்கு மதிப்பு உண்டு, முடிவில்தான் வழக்கு. 2006இல் வெளிவந்த ஏழு கேள்வித் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கடந்த இரண்டு வாரத்தில் கவலையைக் கட்டுப்படுத்த முடியாமல் போனதா, ஏதோ விபரீதம் நடக்குமோ என்று பயந்தீர்களா என்று அது கேட்கும். பத்து மதிப்பெண்ணைத் தொட்டால் மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும். 2017 டிசம்பரில் சின்னத்துறையில் ஒரு மனைவியிடம் இதைக் கேட்டிருந்தால் இருபத்தொன்றுக்கு இருபத்தொன்றும் வாங்கியிருப்பார். அதில் நோய் எது? பொதுப் பதற்ற நோய் என்றால் கவலை அளவுக்கு மிஞ்சியிருக்க வேண்டும். கணவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத பெண்ணின் கவலைக்கு அளவு எது என்று யார் வரையறுப்பது?

இந்த இடத்தில் பலரும் இலக்கியக்காரர்களுக்கு ஒதுக்கிவிட்ட ஒரு நூலை நினைவுபடுத்துகிறேன். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு நிலைக்களன் சொல்கிறது. நான்கும் எதிரே நிற்பவை. ஓடலாம், ஒளியலாம், பணியலாம். கடல் அந்தப் பட்டியலில் இல்லை, வராத செய்தியும் இல்லை. ஆனால் அதே இயல் வேறிடத்தில் முப்பத்திரண்டு மெய்ப்பாடுகளை அடுக்கும்போது கனவு, நினைதல், வெருவுதல், ஆராய்ச்சி, உயிர்ப்பு, கையாறு, வியர்த்தல், ஐயம், நடுக்கம் ஆகியவற்றைத் தருகிறது. நான்கு நிலைக்களனில் எதனோடும் அவற்றைக் கட்டவில்லை. பொருளுள்ள அச்சமும் பொருள் பிடிபடாத கலக்கமும் வேறு என்ற உணர்வு இந்த வைப்பில் இருக்கிறது என்பது என் வாதம். செய்யுள் இலக்கணத்தை மருத்துவமாக்குகிறேன் என்று சொல்வார்கள். அச்சில் ஏற்கெனவே சொல்லியும் இருக்கிறார்கள். மருந்துச் சீட்டை அதில் நான் தேடவில்லை. உடம்பில் தெரியும் குறியை அதன் காரணத்தோடு அவசரப்பட்டு முடிச்சுப் போடாத நிதானத்தைத்தான் அதிலிருந்து எடுக்கிறேன். அந்த நிதானம் வினாத்தாளில் இல்லை.

வராத செய்தியை வரவழைப்பதே முதல் உதவி என்கிறேன். அதற்கு இன்னும் கனமான மறுப்பு அமெரிக்காவிலிருந்து வருகிறது. வியத்நாம் போரில் காணாமற்போன வீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்த பாலின் பாஸ், இத்தகைய இழப்புக்கு முடிவு என்பதே கிடையாது, தெளிவின்மையோடு வாழப் பழகுவதே வழி என்கிறார். ஆழமான கருத்துதான். ஆனால் செய்தி இனி வரவே வராது என்ற நிலைக்கு அது பொருந்தும். வரவேண்டிய செய்தியை வரவழைக்காத நிலைக்குப் பொருந்தாது. ஒக்கிக்குப் பிறகு பங்குகள்தோறும் தேவாலயங்கள் எழுதிய காணாமற்போனோர் பட்டியலும் அரசுக் கணக்கும் வாரக்கணக்கில் ஒத்துப்போகவில்லை. டிசம்பர் 7 அன்று மீனவ மக்கள் ஆயிரக்கணக்கில் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்து, தேடுங்கள் என்றார்கள். அதைக் கூட்டு உணர்ச்சிவெடிப்பு என்று எழுதுவதைவிட, பதற்றத்தை அவர்கள் கையாண்ட மிகத் தெளிந்த முறை என்று எழுதுவதே நியாயம். ஏழு ஆண்டு தகவல் இல்லாதவர் உயிரோடிருப்பதாகச் சொல்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்பது அப்போது நடப்பிலிருந்த 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. அந்தக் கெடுவுக்குக் காத்திராமல் நிவாரணம் தர அரசு முடிவெடுத்ததும், என் கணக்கில், ஒரு மனநல நடவடிக்கைதான். காகிதம் வந்ததும் காத்திருப்பு நின்றுவிடாது என்பது உண்மை. ஆனால் பிள்ளையின் படிப்பு, கடன், வீட்டுப் பத்திரம் ஆகியவற்றைச் சுற்றிய கலக்கம் குறையும். மிஞ்சுகிற துயரத்துக்குத்தான் நம் உதவி தேவை.

மருந்தும் பேச்சுச் சிகிச்சையும் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ளவேண்டாம். பீதி நோய்க்காரருக்கு அவை உயிர்நாடி. தொலைபேசி வழி மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416 என்ற எண் இங்கே வீட்டுக்கு வீடு தெரிந்திருக்க வேண்டும். என் வேண்டுகோள் குறுகியது. அடுத்த புயலுக்கு முன், கடலுக்குப் போனவர் பெயர், படகு, புறப்பட்ட நாள் ஆகியவற்றை மீன்வளத் துறையும் பங்குகளும் ஒரே பதிவேட்டில் வைக்க வேண்டும். தேடுதல் விவரத்தை நாள்தோறும் ஊரில் அறிவிக்க வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு அந்த அறிவிப்பு மேசையிலேயே உட்கார வேண்டும். நிறைவு அமர்வில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி ஆட்சியருக்கு அனுப்பும்படி அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.