ஆரஞ்சுச் சட்டையும் சாட்சிப் போர்வையும்

(நமது சங்கத்தின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உங்களில் சிலருடைய பிள்ளைகள் கனடாவில் இருக்கிறார்கள். செப்டம்பர் 30 அன்று வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் பேரக்குழந்தைகள் ஆரஞ்சுச் சட்டை போட்டிருப்பார்கள். ஏதோ பள்ளி விழா என்று நினைத்து 'சூப்பர்' என்று பதில் போட்டிருப்போம். அது விழா அல்ல, நினைவு நாள்.

1973-இல் பிலிஸ் வெப்ஸ்டாட் என்ற ஆறு வயதுப் பூர்வகுடிச் சிறுமி, பாட்டி வாங்கித் தந்த புது ஆரஞ்சுச் சட்டையோடு உறைவிடப் பள்ளிக்குப் போனாள். முதல் நாளே அதைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். திரும்பத் தரவே இல்லை. 2013-இல் அவர் இதை வெளியில் சொன்னதிலிருந்துதான் இந்த நாள் தொடங்கியது. 2021 முதல் அது கனடா மத்திய அரசின் விடுமுறை நாள்.

அரசு பணம் கொடுக்க, பெரும்பாலும் தேவாலயங்கள் நடத்திய பள்ளிகள் அவை. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கே வைக்கப்பட்டார்கள். முடியை வெட்டினார்கள். தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். பல குழந்தைகள் வீடு திரும்பவே இல்லை. கடைசிப் பள்ளி மூடியது 1990-களில்தான்.

கேரி நியூமன் என்ற மரச்சிற்பியின் தந்தை அப்படி ஒரு பள்ளியில் படித்தவர். மகன் நாடு முழுவதும் சென்று எண்ணூறுக்கும் மேற்பட்ட பொருள்களைச் சேகரித்தார். ஒரு குழந்தையின் காலணி, ஒரு முடிப் பின்னல், ஒரு பள்ளியின் கதவு. தேவதாரு மரச் சட்டங்களில் அவற்றைப் பொருத்தி, 12 மீட்டர் நீளத்தில் 'சாட்சிப் போர்வை' என்ற படைப்பை உருவாக்கினார். இப்போது அது வின்னிபெக் நகரிலுள்ள மனித உரிமை அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது.

பல வருடம் வங்கியில் பத்திரங்களைப் பார்த்தவன் நான். என்னை அசத்தியது 2019-இல் அவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம். அதன்படி போர்வைக்கு யாரும் உரிமையாளர் இல்லை. அதில் அடங்கிய கதைகளை மதித்து, சட்ட உரிமையைப் போர்வைக்கே கொடுத்துவிட்டார்கள். கலைஞரும் அருங்காட்சியகமும் காப்பாளர்கள் மட்டுமே. எழுதிய பத்திரத்தோடு, பூர்வகுடி முறைப்படி சடங்கு நடத்தி, சாட்சிகள் முன் வாயால் சொன்ன உறுதிமொழிக்கும் அதே மதிப்பு. எங்கள் கிளையில் வாய்ச்சொல்லை நம்பி ஐம்பது ரூபாய்கூடக் கொடுத்ததில்லை!

ஆனால் நினைவுகூர்வதோடு கடன் தீராது. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-இல் 94 கோரிக்கைகளை வைத்தது. அதில் 66-ஆவது, ஊர்களில் இயங்கும் இளைஞர் அமைப்புகளுக்குப் பல ஆண்டுகள் தொடர்ந்து நிதி தர வேண்டும் என்பது. பறித்த தலைமுறைக்குத் திருப்பித் தர முடியாது. அடுத்த தலைமுறைக்குத் தரலாம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த செப்டம்பரில் உங்கள் பிள்ளைகள் அந்தச் சட்டையை வாங்கும்போது ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: 'இந்தப் படத்தை வரைந்தது யார்? பணம் யாருக்குப் போகிறது?' வரைந்தவர் பூர்வகுடிக் கலைஞராக இருந்து, பணம் அவர்கள் பிள்ளைகளுக்குப் போனால்தான் அந்தச் சட்டைக்கு அர்த்தம். பேரக்குழந்தையிடம் பாட்டி வாங்கித் தந்த சட்டையின் கதையையும் சொல்லுங்கள். பாட்டிமார்கள் சொன்னால் நன்றாகப் புரியும்.