வறட்சியின் சுவடும் பஞ்சத்தின் காரணமும்

(கோலார் தங்கவயலில் கட்சி உறுப்பினர்களுக்கான அறிவியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தங்கவயலின் பழைய குடும்பங்கள் பலவற்றின் கதை ஒரு பஞ்சத்தில் தொடங்குகிறது. தாது வருடப் பஞ்சம் என்று தமிழ் மக்கள் இன்றும் நினைவுகூரும் 1876-78ஆம் ஆண்டுகளின் கொடும்பஞ்சம் அது. அதன் வடு ஆறாத வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளின் கிராமங்களிலிருந்து, பெரும்பாலும் நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்கள், 1880களில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் திறந்த சுரங்கங்களை நோக்கி வந்தனர். சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம், ஊரிகம், நந்திதுர்க்கம் ஆகிய சுரங்கங்களின் இருளில் இறங்கியவர்களில் பலர், மழை பொய்த்த மண்ணிலிருந்து துரத்தப்பட்டவர்கள்.

அவர்களைத் துரத்தியது எது? மழை பொய்த்ததா, ஆட்சி பொய்த்ததா? அன்றைய ஆங்கிலேய அரசு பழியை வானத்தின் மீது போட்டது. இன்றும் ஒவ்வொரு வறட்சியின்போதும் வெள்ளத்தின்போதும் "இயற்கையின் சீற்றம்" என்ற சொல் ஆள்வோருக்குக் கைகொடுக்கிறது. இந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை காண வேண்டுமானால், முதலில் வானம் உண்மையில் என்ன செய்தது என்பதை அறிந்தாக வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறை நிறுவப்பட்டது 1875இல்தான். அதற்கு முந்தைய நூற்றாண்டுகளின் மழையையும் வெப்பத்தையும், எழுத்தே இல்லாத காலத்தில் வாழ்ந்த ஆதிமனிதர்கள் கண்ட காலநிலையையும் அறிவியலாளர்கள் எவ்வாறு அறிகின்றனர்?

மரமும் மண்ணும் வைத்த பதிவேடு

அளவுகருவி இல்லாத இடத்தில் இயற்கை தானே பதிவேடு எழுதுகிறது. அவற்றுள் எளிதாக விளங்கக்கூடியது மரம். பருவம் மாறி மாறி வரும் நாடுகளில் தேக்கு போன்ற மரங்கள் ஆண்டுக்கு ஒரு வளையம் போடுகின்றன. மழை செழித்த ஆண்டில் வளையம் அகன்றிருக்கும். வறண்ட ஆண்டில் குறுகிவிடும். ஆசியா முழுவதிலும் முந்நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் எடுக்கப்பட்ட மரவளையங்களை ஒப்பிட்டு, எட்வர்ட் குக் தலைமையிலான ஆய்வாளர்கள் ஏறத்தாழ 700 ஆண்டுகளின் பருவமழை வரலாற்றை 2010இல் வெளியிட்டனர். 1876-78ஆம் ஆண்டுகளின் வறட்சி அதில் தெளிவாகத் தெரிகிறது. ஆகவே மழை பொய்த்தது உண்மை. ஆசியாவின் பெரும்பகுதியை அந்த வறட்சி தாக்கியதும் உண்மை.

மரங்கள் சில நூறு ஆண்டுகளுக்கே சாட்சி. அதற்கும் அப்பால் செல்ல மண்ணிடம் கேட்க வேண்டும். நீலகிரியின் உயர்ந்த பள்ளத்தாக்குகளில், மட்கிய தாவரங்கள் அடுக்கடுக்காகப் படிந்த கரிச்சேற்று நிலங்கள் உள்ளன. ஆழத்தில் இருக்கும் அடுக்கு பழையது. மேலே இருப்பது புதியது. ஒவ்வோர் அடுக்கின் வயதையும் கதிரியக்கக் கரிமத்தைக் கொண்டு கணக்கிடலாம். எந்தத் தாவரம் அங்கு வளர்ந்தது என்பதையும் கரிமமே சொல்கிறது. கரிமத்தில் எடை குறைந்த வகை, எடை மிகுந்த வகை என நிலையான இரு வகைகள் உண்டு. மரங்களும் ஈரப்பாங்கான இடத்துச் செடிகளும் எடை மிகுந்த வகையைக் குறைவாகவே ஏற்கின்றன. வறண்ட நிலத்துப் புற்களில் அது கூடுதலாக இருக்கும். சுகுமார், ரமேஷ் முதலிய அறிவியலாளர்கள் 1993இல் வெளியிட்ட ஆய்வு, இந்த விகிதத்தைக் கொண்டு ஏறத்தாழ 20,000 ஆண்டுகாலத் தென்னிந்தியக் காலநிலையை வாசித்தது. பனியுகம் உச்சத்தில் இருந்தபோது பருவமழை நலிந்து, வறண்ட புல்வெளி பரவியிருந்தது. பனி பின்வாங்கிய பிறகு மழை வலுத்தது. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு மீண்டும் ஒரு வறண்ட காலம் வந்து சென்றது. வட துருவப் பகுதியின் பனிப்பாளங்களோடு நீலகிரியின் புல்லும் பிணைக்கப்பட்டிருந்தது என்பதே இதன் பொருள்.

ஆழத்தின் சாட்சியம்

சுரங்கத்தில் இறங்கியவருக்கு ஓர் உண்மை உடம்பிலேயே தெரியும்: கீழே செல்லச் செல்ல வெப்பம் கூடும். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் பாறையின் வெப்பநிலை ஏறத்தாழ 65 பாகை செல்சியஸ். அது பூமியின் உள்வெப்பம். அதற்கும் காலநிலைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஐதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தார் 1960களில் இந்த வெப்ப ஓட்டத்தைத் தங்கவயலிலேயே அளந்தனர்.

ஆனால் மேற்பரப்பை ஒட்டிய சில நூறு மீட்டர்களில் வேறொரு செய்தி பதிந்திருக்கிறது. தரையின் மேற்பரப்பு நெடுங்காலம் சூடாகிக்கொண்டே இருந்தால், அந்தச் சூடு மெல்ல மெல்லப் பாறைக்குள் இறங்கும். பாறை வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்துவதால், ஒரு நூற்றாண்டின் மாற்றம் நூறு, நூற்றைம்பது மீட்டர் அளவுக்கே சென்றிருக்கும். ஆழ்துளைக்குள் வெப்பமானியை இறக்கி மீட்டர் மீட்டராக அளந்தால், உள்வெப்பத்தின் சீரான ஏற்றத்திலிருந்து மேற்பகுதி எவ்வளவு விலகியிருக்கிறது என்பது தெரியும். அந்த விலகலே கடந்தகாலத்தின் வெப்ப வரலாறு. நாட்டின் பல பகுதிகளிலுள்ள ஆழ்துளைகளை இவ்வாறு ஆராய்ந்து, சுகந்த ராய் முதலியோர் 2002இல் வெளியிட்ட முடிவு இது: ஏறத்தாழ 150 ஆண்டுகளில் இந்திய நிலப்பரப்பு சராசரியாக 0.9 பாகை வெப்பமடைந்துள்ளது. புவி வெப்பமாதல் வெறும் கற்பனை என்போருக்குக் காலடியிலுள்ள பாறையே மறுப்புரைக்கிறது.

ஆழம் இன்னொரு வகையிலும் அறிவியலுக்கு உதவியது. விண்வெளியிலிருந்து பூமியின் மீது இடைவிடாது பொழியும் காஸ்மிக் கதிர்களைத் தவிர்ப்பதற்காகவே, டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் அறிவியலாளர்கள் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே தம் கருவிகளை அமைத்தனர். ஜப்பான், பிரிட்டன் நாட்டு அறிவியலாளர்களோடு இணைந்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ துகளின் தடயத்தை 1965இல் அவர்கள் இங்கே கண்டனர். பாறை தலைக்கு மேலிருந்தால் காஸ்மிக் கதிர் குறையும் என்ற இதே உண்மைதான், தமிழ்நாட்டின் ஆதிமனிதரின் காலத்தைக் கணக்கிடவும் துணைநின்றது.

கொற்றலையாற்றின் கற்கருவிகள்

1863இல் பல்லாவரத்தில் இராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் கொற்றலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கமும் அறியப்பட்டது. அங்கு சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் நடத்திய அகழாய்வில் கைக்கோடரிகள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றின் வயது என்ன? தரைமட்டத்தில் கிடக்கும் குவார்ட்சு கல்லில் காஸ்மிக் கதிர்கள் பட்டு, பெரிலியம், அலுமினியம் ஆகியவற்றின் கதிரியக்க வகைகள் சிறிதளவு உருவாகின்றன. கல் மண்ணுக்குள் புதையுண்டதும் அந்த உற்பத்தி குன்றுகிறது. ஏற்கெனவே உருவானவை தத்தம் வேகத்தில் சிதைகின்றன. எஞ்சியிருக்கும் விகிதத்தை அளந்தால், கல் எப்போது புதைந்தது என்பது தெரியும். 2011இல் வெளியான முடிவின்படி, அக்கருவிகளின் சராசரி வயது ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள். அவற்றோடு கிடைத்த விலங்குகளின் பற்கள், அன்று அங்கே நீர்வளமுள்ள திறந்தவெளி நிலம் இருந்ததைக் காட்டுகின்றன.

அதே இடத்தின் மேலடுக்குகளில், ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து, கருவி செய்யும் முறையே மாறத் தொடங்கிவிட்டதை 2018இல் அதே குழுவினர் அறிவித்தனர். கனத்த கைக்கோடரி பின்வாங்குகிறது. முன்கூட்டித் திட்டமிட்டுச் சீவி எடுத்த சிறிய கருவிகள் வருகின்றன. ஒரே நிலத்தில் வெவ்வேறு காலங்களில் வாழ்ந்த மனிதர்களின் கையும் மூளையும் அடைந்த வளர்ச்சி அந்த மண்ணடுக்குகளில் பதிந்துள்ளது.

சாம்பலுக்குக் கீழும் மேலும்

காலநிலை மனிதரை எவ்வளவு தூரம் ஆட்டிப்படைத்தது என்ற கேள்விக்கு மிகக் கடுமையான சோதனை ஆந்திரத்தின் கர்நூல் பகுதியில் கிடைத்தது. ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன்பு சுமத்திராவில் தோபா எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் வங்கக் கடலைக் கடந்து இந்தியாவெங்கும் படிந்தது. கதிரவன் மறைந்து உலகம் குளிர்ந்து, மனித இனமே அழிவின் விளிம்புக்குச் சென்றது என்று 1990களில் ஒரு கருத்து முன்வைக்கப்பட்டது.

ஜுவாலாபுரம் என்ற சிற்றூரில் அந்தச் சாம்பல் சில இடங்களில் இரண்டு மீட்டருக்கும் மேல் குவிந்திருந்தது. துலக்கும் தூள் தயாரிப்புக்காகத் தொழிலாளர்கள் அதை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தனர். மைக்கேல் பெட்ராக்லியாவும் கர்நாடகப் பல்கலைக்கழகத்தின் ரவி கோரிசெட்டர் முதலியோரும் அங்கு அகழ்ந்தபோது, சாம்பலுக்குக் கீழேயும் கற்கருவிகள் இருந்தன, மேலேயும் இருந்தன. இரண்டும் பெரிதும் ஒத்திருந்தன. 2007இல் இந்த முடிவு வெளியானது. மத்தியப் பிரதேசத்தின் சோன் பள்ளத்தாக்கிலுள்ள தாபாவிலிருந்து 2020இல் வந்த முடிவும் இதே தொடர்ச்சியைக் காட்டியது.

பேரழிவே நிகழவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. வங்கக் கடலடி வண்டலின் மகரந்தத் துகள்களை ஆராய்ந்தோர், வெடிப்புக்குப் பின் இந்தியாவில் காடு குறைந்து வறட்சி மிகுந்ததாகக் கூறுகின்றனர். அந்தக் கருவிகளைச் செய்தவர்கள் இன்றைய மனித இனத்தவரா, அதற்கு முந்தைய இனத்தவரா என்ற விவாதமும் முடியவில்லை. ஏனெனில் எலும்புகள் கிடைக்கவில்லை. ஆனால் ஒன்று தெளிவு: காலநிலை அடித்தது, மனிதர் தாங்கினர். கருவி செய்யும் திறன், இடம்பெயரும் ஆற்றல், கூட்டாகத் தேடிப் பகிர்ந்துண்ணும் வாழ்க்கை ஆகியவையே அந்த மனிதரின் கையிருப்பு.

உழைப்பும் சமூகமும்

மனிதக் குரங்கு மனிதனாக மாறியதில் உழைப்பு ஆற்றிய பங்கு குறித்து எங்கெல்ஸ் எழுதியது 1876இல். தாது வருடப் பஞ்சம் தொடங்கிய அதே ஆண்டு. கை உழைப்பின் உறுப்பு மட்டுமன்று, உழைப்பின் விளைவும் அதுவே என்று அவர் விளக்கினார். இயற்கையை வென்றுவிட்டதாக மனிதர் இறுமாப்புக் கொள்ளலாகாது. ஒவ்வொரு வெற்றிக்கும் இயற்கை எதிர்பாராத விளைவைத் திருப்பித் தரும் என்ற எச்சரிக்கையும் அக்கட்டுரையில் உண்டு. அவர் காலத்தில் அத்திரம்பாக்கத்தின் வயது தெரியாது, ஜுவாலாபுரம் அகழப்படவில்லை. பின்னர் வந்த சான்றுகள் அவருடைய அணுகுமுறைக்கு வலுவே சேர்த்துள்ளன.

வர்க்கங்கள் தோன்றிய பிறகு நிலைமை மாறுகிறது. மேகாலயாவின் மாம்லூ குகையில், சுண்ணாம்புக் கசிவால் வளர்ந்த கற்படிவின் ஆக்சிஜன் விகிதம், ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்பு பருவமழை நலிந்ததைக் காட்டுகிறது. 2018இல் புவியியலாளர்கள் அந்தக் கட்டத்திலிருந்து இன்றுவரையுள்ள காலத்துக்கு மேகாலயன் காலம் என்றே பெயரிட்டனர். சிந்துவெளி நகரங்கள் தளர்ந்ததும் அதை ஒட்டிய நூற்றாண்டுகளில்தான். நகரங்கள் கலைந்தன, ஆனால் மக்கள் மறைந்துவிடவில்லை, சிற்றூர்களாகப் பரவி வாழ்ந்தனர். மழை குறைந்ததை மட்டும் சொல்லி நகரங்களின் முடிவை விளக்கிவிட முடியாது. உற்பத்தியும் வணிகமும் எவ்வாறு அமைந்திருந்தன என்பதையும் சேர்த்தே ஆராய வேண்டும்.

மீண்டும் தாது வருடம்

இனி முதல் கேள்விக்கு வரலாம். தீப்தி சிங் முதலியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வு, 1876-78இன் வறட்சிக்குப் பசிபிக் கடலின் வலுவான எல் நினோவும், இந்தியப் பெருங்கடல், அட்லாண்டிக் ஆகியவற்றின் வழக்கத்துக்கு மாறான வெப்பமும் ஒருங்கே காரணமாயின என்று காட்டுகிறது. அது இயற்கையின் பங்கு.

மற்றதை வரலாறு சொல்கிறது. இரயில்கள் ஓடின, தானியம் இருந்தது, கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டே இருந்தது. சந்தையில் அரசு தலையிடக்கூடாது என்பது வைசிராய் லிட்டனின் கொள்கை. நிவாரண வேலையில் கல்லுடைத்த தொழிலாளிக்கு ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த நாளளவு ஏறத்தாழ 450 கிராம் தானியம். ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மைசூர் சமஸ்தானத்தில் மட்டும் இறந்தோர் ஏறத்தாழ பத்து இலட்சம். தோபாவின் சாம்பலைத் தாங்கி நின்ற மனித இனத்தின் பிள்ளைகள், கிடங்குகளில் தானியம் இருக்கும்போதே பட்டினியால் இறந்தனர். வறட்சி கடலிலிருந்து வந்தது. பஞ்சம் ஆட்சியிலிருந்து வந்தது.

இன்றைய நிலையும் இந்த அளவுகோலால் அளக்கப்பட வேண்டும். கடந்தகால மாற்றங்கள் பலவும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நிகழ்ந்தவை. இப்போதைய வெப்பமேற்றம் முதலாளித்துவத் தொழில் வளர்ச்சியின் சில தலைமுறைகளில் நிகழ்வது. ஆதிமனிதர் வறண்ட நிலத்தை விட்டு வேறிடம் சென்றனர். வேலியும் எல்லையும் நிலவுடைமையும் நிறைந்த இன்றைய உலகில் ஏழைக்கு அந்த வழி இல்லை. தங்கவயலுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதன்று. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்ட பின், அந்தத் தொழிலாளரின் பிள்ளைகள் விடியற்காலை இரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். சயனைடு மேடுகளின் தூசி ஊருக்குள் வீசுகிறது. வற்றாத ஆறு எதுவும் இல்லாத மாவட்டத்தில் நீருக்காக ஆழ்துளைகள் மேலும் மேலும் ஆழமாகின்றன.

எனவே காலநிலை அறிவியலை வல்லுநர்களின் தனிச்சொத்தாக விட்டுவிடாமல், கிளைகள்தோறும் கற்பதும் கற்பிப்பதும் கட்சி உறுப்பினரின் கடமை. வெப்பம் ஏறவில்லை என்போருக்குப் பாறையின் சாட்சியத்தைக் காட்ட வேண்டும். எல்லாம் இயற்கையின் விதி என்போருக்குத் தாது வருடத்தின் கணக்கைக் காட்ட வேண்டும். பொது விநியோகம், வேலை உறுதி, குடிநீர் உரிமை ஆகியவற்றுக்கான போராட்டங்களே அடுத்த வறட்சி பஞ்சமாக மாறாமல் தடுக்கும் அரண்கள். பஞ்சத்திலிருந்து தப்பிவந்து இந்த ஊரைக் கட்டியவர்களின் வாரிசுகளுக்கு அந்தப் போராட்டத்தில் முன்வரிசை உரியது.